சாலும் மேடும்: மூளையின் நிலப்படம் உருவான வரலாறு

கியா பார்ம் சிற்றூரை ஒட்டிய தேயிலைச் சரிவுகளில் நின்று பார்ப்போர்க்கு ஓர் உண்மை எளிதில் விளங்கும். எதிரெதிரான இரண்டு சரிவுகளில் இருவர் கொழுந்து பறிக்கிறார்கள். ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழும். ஆயினும், ஒருவர் மற்றவரிடம் செல்ல வேண்டுமாயின், இந்தச் சரிவில் ஓடைவரை இறங்கி, அந்தச் சரிவில் மீண்டும் ஏற வேண்டும். கண்ணுக்கு அண்மையாகத் தோன்றும் இடம் காலுக்குச் சேய்மையாகிவிடுகிறது. கூடை சுமந்து நடந்த நம் முன்னோர் இதனை நூல் கற்று அறியவில்லை. முழங்கால் வலியால் அறிந்தனர்.

மனித மூளையின் மேற்பரப்பும் இத்தகைய மலைநாடுதான். அதில் மேடுகள் உண்டு. மேடுகளுக்கிடையே ஆழ்ந்த பள்ளங்கள் உண்டு. அந்த நாட்டுக்கு நிலப்படம் வரைய முற்பட்டவர்கள், பறவை பறக்கும் தொலைவை விடுத்து மனிதன் நடக்கும் தொலைவை அளக்கக் கற்றுக்கொள்ள நூறாண்டுக்கு மேலாயிற்று. அந்த வரலாற்றையும், அந்தப் படத்தில் நாம் எங்கே இருக்கிறோம் என்ற வினாவையும் ஆசிரியர்கள், மாணவர்கள் முன் வைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

1. ஒரே ஆண்டில் இரண்டு அளவையாளர்கள்

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் ஆங்கிலேய நில அளவையாளர் பகாங், பேராக் எல்லைப் பகுதியில் பயணம் செய்து, மென்சரிவுகள் கொண்ட மேட்டுநிலம் ஒன்றைக் கண்டதாகப் பதிவு செய்தார். ஆனால், அதனை நிலப்படத்தில் உரிய இடத்தில் குறிக்கத் தவறினார். பின்வந்தோர்க்கு அவர் கண்ட இடம் எதுவென்பது நெடுங்காலம் ஐயமாகவே இருந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்த பின்னரே இம்மலைநாட்டின் வளர்ச்சிப் பணிகள் உருப்பெற்றன. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். இவர்கள் எவரும் வருவதற்கு முன்பே செமாய் மக்கள் இம்மலைகளின் ஒவ்வோர் ஓடையையும் அறிந்து வாழ்ந்தனர் என்பதை மறத்தலாகாது. படத்தில் இல்லாத இடம் உலகில் இல்லாத இடமன்று. வரைந்தவர் அறியாத இடம், அவ்வளவே.

அதே 1885ஆம் ஆண்டில் எட்கர் தர்ஸ்டன் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். அவர் அளந்தது நிலத்தையன்று, மனிதர்களை. தென்னிந்திய மக்களின் தலை நீளம், தலை அகலம், மூக்கின் அகலம் ஆகியவற்றைக் கருவி கொண்டு அளந்து பட்டியலிட்டார். தலையின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கிக் கிடைக்கும் எண்ணை அக்கால அறிஞர்கள் பெரிதும் நம்பினர். எலும்பின் வடிவத்தைக் கொண்டு மக்களை இனம் பிரிக்கலாம், உயர்வு தாழ்வும் கற்பிக்கலாம் என்பது அவர்களுள் பலரின் துணிபு. தர்ஸ்டன் தொகுத்த தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய உழைப்பாளிகளும் அந்தத் தொகுதிகள் வகைப்படுத்திய மக்களைச் சேர்ந்தவர்களே.

அதே 1909ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வேறொரு நூல் வெளிவந்தது. கோர்பினியன் பிராட்மன் மூளையின் மெல்லிய சீவல்களைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்ந்து, உயிரணுக்களின் அடுக்கமைப்பு மாறும் இடங்களைக் கொண்டு புறணியைப் பகுதிகளாகப் பிரித்து எண்ணிட்டார். அவர் இட்ட எண்கள் இன்றும் மருத்துவக் கல்லூரிகளில் வழங்குகின்றன. ஓராண்டில் வெளிவந்த இவ்விரு நூல்களுள் ஒன்று, ஓட்டைப் புறத்தே அளந்து உள்ளிருப்பதை அறிந்துவிட்டதாக எண்ணிய நோக்கின் வழிவந்தது. மற்றது ஓட்டை நீக்கி உள்ளிருப்பதைப் பொறுமையோடு பார்த்தது. முன்னதன் அளவைகளை அறிவியல் கைவிட்டது. பின்னதன் எண்கள் நிலைத்தன.

2. இரு பாதிகளும் ஒன்றல்ல

பெருமூளை இடம், வலம் என இரண்டு அரைக்கோளங்களாக அமைந்தது. புறத்தே நோக்கினால் கண்ணாடியில் தெரியும் உருவம் போல ஒன்றையொன்று ஒத்திருக்கும். 1861இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, பேச்சாற்றலை இழந்த நோயாளி ஒருவர் இறந்தபின் அவரது மூளையை ஆராய்ந்து, இடப்பக்க முன்பகுதியில் சிதைவைக் கண்டார். அதைப் போன்ற பல நோயாளிகளைக் கண்டபின், பேச்சு பெரும்பாலோர்க்கு இட அரைக்கோளத்தைச் சார்ந்தது என்ற முடிவுக்கு வந்தார். 1968இல் நார்மன் கெஷ்விண்டும் வால்டர் லெவிட்ஸ்கியும் 100 மூளைகளை அளந்தனர். மொழியோடு தொடர்புடைய ஒரு பரப்பு 65 மூளைகளில் இடப்பக்கம் பெரியதாகவும், 11 மூளைகளில் வலப்பக்கம் பெரியதாகவும் இருந்தது. செயலில் மட்டுமன்றி வடிவிலும் இரு பாதிகள் வேறுபடுகின்றன என்பது அதனால் உறுதியாயிற்று.

உயிரோடிருப்பவரின் மூளையை அறுவை மருத்துவர்களே நேரில் கண்டனர். கனடாவின் மொன்றியல் நரம்பியல் நிறுவனத்தில் வைல்டர் பென்ஃபீல்டு, விழித்திருக்கும் நோயாளியின் புறணியில் மெல்லிய மின்னோட்டம் பாய்ச்சி, எவ்விடம் கையை அசைக்கிறது, எவ்விடம் உதட்டில் உணர்வை எழுப்புகிறது எனக் குறித்துப் படம் வரைந்தார். அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, சீர்காழியில் பிறந்த பா. இராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் அத்துறைக்கு அடித்தளமிட்டார். தமிழ் நிலத்தில் மூளையின் புறணியை உயிருள்ள நிலையில் காணும் மரபு இவ்விருவரிடமிருந்து வளர்ந்தது.

எனினும், எல்லா மருத்துவர்க்கும் பொதுவான நிலப்படம் ஒன்று தேவைப்பட்டது. பிரான்சு நாட்டின் ழான் தலைராக்கும் பியேர் தூர்நூவும் 1988இல் வெளியிட்ட படத்தொகுப்பு அத்தேவையை நிறைவு செய்தது. உலகெங்கும் ஆய்வாளர்கள் அதன் ஆயங்களைக் கொண்டு பேசலாயினர். ஆனால், அப்படம் 60 வயதான ஒரே ஒரு பெண்மணியின் மூளையிலிருந்து வரையப்பட்டது. அதிலும் ஓர் அரைக்கோளத்தையே அடிப்படையாகக் கொண்டு, மற்றது அதன் எதிர்வடிவம் எனக் கொள்ளப்பட்டது. இரு பாதிகளும் ஒன்றல்ல என்பது தெளிவான பின்னும், பாதி மூளை முழு மூளையாக, ஒருவர் மூளை உலகோர் மூளையாக நின்றது.

3. காந்தம் காட்டிய காட்சி

ஓட்டைத் திறவாமலே உள்ளே காண வழி பிறந்தது காந்தத்தால். 1973இல் பால் லாட்டர்பர் காந்த ஒத்ததிர்வைக் கொண்டு படிமம் உருவாக்கும் முறையை வெளியிட்டார். பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு அதனை விரைவுபடுத்தும் வழிகளைக் கண்டார். இருவரும் 2003இல் நோபெல் பரிசு பெற்றனர். நாம் எம்.ஆர்.ஐ. என வழங்கும் கருவி, உடலிலுள்ள நீரின் ஐதரசன் அணுக்கருக்கள் வலிய காந்தப்புலத்தில் எழுப்பும் குறிப்பலைகளைப் பதிவு செய்கிறது. மூளையின் உட்பகுதியில் உள்ள வெண்பொருளும், அதனைப் போர்த்தியுள்ள சாம்பல்நிறப் புறணியும், இவற்றைச் சூழ்ந்த நீர்மமும் வெவ்வேறு ஒளியளவில் படத்தில் தோன்றுகின்றன.

ஆனால், எம்.ஆர்.ஐ. தருவது பரப்பன்று. அது சிறு சிறு கனசதுரங்களின் அடுக்கு. பெரும்பாலும் ஒவ்வொரு கனசதுரமும் 1 மில்லிமீட்டர் அளவினது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒளியெண் மட்டுமே உண்டு. அது எந்த மேட்டைச் சேர்ந்தது, எந்தப் பள்ளத்தைச் சேர்ந்தது என்பதை அது தானே சொல்லாது. புறணியின் தடிப்போ சராசரியாக 2.5 மில்லிமீட்டர்தான். இரு அரைக்கோளங்களின் புறணியையும் விரித்தால் மூன்று ஏ4 தாள்களின் அளவுக்குப் பரவும். அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு பள்ளங்களுக்குள் மறைந்து கிடக்கிறது.

இங்கேதான் தேயிலைச் சரிவின் பாடம் வந்து நிற்கிறது. மூளையின் நடுவே ஓடும் ஆழ்ந்த பள்ளம் ஒன்றைக் கருதுவோம். அதன் முன்கரை கையை அசைக்க ஆணையிடுகிறது. பின்கரை கையில் பட்டதை உணர்கிறது. இரு கரைகளும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கின்றன. பரப்பின் வழியே நடந்தாலோ, அடிவரை இறங்கி ஏறப் பல மடங்கு தொலைவு. கனசதுரக் கணக்கில் அண்டையிலுள்ளவற்றைச் சேர்த்துச் சராசரி காண்போர், ஆணையிடும் கரையையும் உணரும் கரையையும் ஒன்றாகக் கலந்துவிடுவர். எதிர்ச் சரிவில் பறித்த கொழுந்தை இந்தச் சரிவின் கணக்கில் எழுதுவது போன்ற பிழை அது.

4. அரைக்கோளத்தைப் பிரிக்கும் கலை

இப்பிழையைத் தவிர்க்க, 1980இல் டேவிட் வான் எசனும் ஜான் மான்செலும் குரங்கு மூளையின் சீவல்களைத் தாளில் வரைந்து, கையாலேயே விரித்துத் தட்டைப்படம் ஆக்கினர். கணினி வழியே மனித மூளையில் இதனைச் செய்யும் முறையை 1993இல் ஆண்டர்ஸ் டேலும் மார்ட்டின் செரினோவும் விளக்கினர். 1999இல் டேல், புரூஸ் பிஷல், செரினோ ஆகியோர் இரண்டு ஆய்வுரைகளில் முறை முழுவதையும் வெளியிட்டனர். அதிலிருந்து வளர்ந்த ஃபிரீசர்ஃபர் என்னும் மென்பொருள் கட்டணமின்றி உலகெங்கும் கிடைக்கிறது.

அதன் பணிமுறையை மாணவர்கள் படிப்படியாக அறியலாம். முதலில் படத்தின் ஒளி சீராக்கப்படுகிறது. பின்னர் மண்டையோடும் தோலும் நீக்கப்படுகின்றன. எஞ்சியவற்றுள் வெண்பொருள் தனியே இனங்காணப்படுகிறது. அடுத்து வருவதே அரைக்கோளங்களைப் பிரிக்கும் படி. இரு பாதிகளும் நடுப்பிளவின் இருபுறமும் நெருங்கி நிற்பவை. அவற்றை இணைக்கும் பாலமாக அமைந்த கார்பஸ் கலோசம் ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகளைக் கொண்டது. மென்பொருள் அப்பாலத்தின் ஊடாக ஒரு வெட்டுத்தளத்தையும், மூளைத்தண்டின் ஊடாக மற்றொரு வெட்டுத்தளத்தையும் அமைக்கிறது. பாலம் வெட்டுண்டதும் இடமும் வலமும் தனித்தனித் திரள்களாகின்றன. இந்த வெட்டு படத்தில் நிகழ்வது. நோயாளிக்கு யாதொன்றும் நேர்வதில்லை.

வெட்டுவது ஏன்? ஒவ்வோர் அரைக்கோளமும் தனியாக நின்றால்தான் அதன் மேல் துளையற்ற, மூடிய ஒரு போர்வையைப் போர்த்த முடியும். அந்தப் போர்வை முக்கோணங்களால் ஆனது. ஓர் அரைக்கோளத்துக்கு ஏறத்தாழ 150,000 முனைகள் வரும். போர்வை பிழையின்றி அமைந்ததா என அறிய, கணித அறிஞர் ஆய்லர் 18ஆம் நூற்றாண்டில் கண்ட எளிய விதி உதவுகிறது. முனைகளின் எண்ணிக்கையிலிருந்து விளிம்புகளைக் கழித்து முகங்களைக் கூட்டினால், பந்து போன்ற மூடிய பரப்புக்கு விடை 2 வரும். நான்முகியில் 4 முனை, 6 விளிம்பு, 4 முகம், விடை 2. மாணவர்கள் தாள் மடித்தே இதனைச் சரிபார்க்கலாம். அரைக்கோளப் போர்வையில் விடை 2 வரவில்லையெனில், எங்கோ இரண்டு கரைகள் தவறாக ஒட்டிக்கொண்டன அல்லது எங்கோ ஓட்டை விழுந்தது என்று பொருள். கணினி அவ்விடத்தைக் கண்டு திருத்த வேண்டும். திருத்த இயலாதபோது மனிதக் கண்ணே பார்த்துத் திருத்துகிறது.

திருத்திய போர்வை வெண்பொருளின் எல்லையில் பொருந்துகிறது. பின் அது வெளிநோக்கி விரிந்து புறணியின் மேல்விளிம்பை அடைகிறது. இரு பரப்புகளுக்கும் இடைப்பட்ட தொலைவே புறணியின் தடிப்பு. இறுதியில் அரைக்கோளம் பலூன் போல ஊதப்படுகிறது. பள்ளங்களில் ஒளிந்திருந்தவை வெளிச்சத்துக்கு வருகின்றன. பின் அது முழுக்கோளமாக்கப்பட்டு, ஒருவர் மூளையின் பள்ளம் மற்றொருவர் மூளையின் அதே பள்ளத்தோடு பொருத்தப்படுகிறது. அதன் பிறகே இருவரை ஒப்பிடலாம்.

5. படத்தில் நாம் எங்கே?

முறை செம்மையாயிற்று. ஆனால், ஒப்பிடுவதற்கு அளவுகோலாக நிற்கும் மூளை யாருடையது? தலைராக்கின் ஒற்றை மூளைக்கு மாற்றாக, சாண்டி பயின்ற அதே மொன்றியல் நிறுவனம் 305 பேரின் படங்களைச் சேர்த்துச் சராசரி மூளை ஒன்றை 1990களில் உருவாக்கியது. ஒருவருக்குப் பகரமாகப் பலர் வந்தது பெருமுன்னேற்றம். எனினும், அவர்கள் பெரும்பாலும் வடஅமெரிக்காவில் கிடைத்த இளைஞர்கள்.

2019இல் ஐதராபாத்தின் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஜெயந்தி சிவசுவாமியும் உடன்பணியாற்றியோரும், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தாருடன் சேர்ந்து, 50 ஆடவர், 50 மகளிர் ஆகியோரின் படங்களிலிருந்து இந்திய மூளைப்படம் ஒன்றை உருவாக்கினர். அந்தச் சராசரி மூளை மேலை நாட்டுப் படத்தைவிட உயரம், அகலம், பருமன் ஆகியவற்றில் சிறியதாக இருந்தது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் 6 முதல் 60 வயது வரையிலானோர்க்கு, பருவத்துக்கொன்றாக ஐந்து படங்களை வெளியிட்டனர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையில், கருவிலுள்ள மூளையை உயிரணு அளவில் காட்டும் ‘தரணி’ தொகுப்பை 2024இல் வெளியிட்டது. 5,132 சீவல்களைக் கொண்ட அது யாவரும் கட்டணமின்றிக் காணத் திறந்து வைக்கப்பட்டுள்ளது. மூளைக்கு நிலப்படம் வரையும் முயற்சிக்கு நிலத்தைக் குறிக்கும் சொல்லே பெயராக அமைந்தது பொருத்தமே.

‘சிறியது’ என்ற சொல்லைக் கேட்டதும் தர்ஸ்டனின் நிழல் எழக்கூடும். அங்கே நாம் விழிப்போடிருத்தல் வேண்டும். மூளையின் பருமன் உடலின் பருமனோடும் பிறவற்றோடும் சேர்ந்து மாறுவது. இரு குழுக்களின் சராசரிப் பருமன் வேறுபடுவதைக் கொண்டு அறிவின் அளவைத் தீர்மானிக்க இயலாது. உள்நாட்டுப் படம் தேவைப்படுவது மருத்துவத்துக்காகவே. பொருந்தாத அளவுகோலால் அளந்தால், நலமுள்ள மூளை சுருங்கியதாகத் தோன்றும். சுருங்கத் தொடங்கிய மூளை நலமுள்ளதாகவும் தோன்றக்கூடும். பிறர் காலுக்குத் தைத்த செருப்பில் நம் கால் பொருந்தாவிட்டால், குறை காலில் இல்லை.

6. வகுப்பறைக்கு வரும் பொறுப்பு

ஆசிரியர்கள் கருத வேண்டிய ஓர் ஆய்வு உண்டு. 2015இல் கிம்பர்லி நோபிள், எலிசபெத் சோவெல் முதலானோர் அமெரிக்காவில் 3 முதல் 20 வயது வரையிலான 1,099 பேரின் புறணிப் பரப்பை இம்முறையால் அளந்து, குடும்ப வருவாயோடு ஒப்பிட்டனர். வருவாய் மிகக் குறைந்த குடும்பங்களில், வருவாயின் சிறு வேறுபாடும் பரப்பின் பெரிய வேறுபாட்டோடு சேர்ந்து காணப்பட்டது. வருவாய் உயர்ந்த குடும்பங்களில் அந்தத் தொடர்பு தளர்ந்தது.

இந்த முடிவை இரு வகையாகப் படிக்கலாம். ஏழைப் பிள்ளையின் மூளை குறைபட்டது, ஆதலால் கற்பித்துப் பயனில்லை எனப் படிப்பது ஒரு வகை. அது தவறு மட்டுமன்று, தீங்கும் ஆகும். அந்த ஆய்வு தொடர்பைக் காட்டியதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. ஒரே வருவாய் உள்ள பிள்ளைகளிடையே வேறுபாடுகள் மிகப் பரந்து கிடந்தன. வருவாயைக் கொண்டு ஒரு பிள்ளையின் மூளையையோ, மூளையைக் கொண்டு அப்பிள்ளையின் வருங்காலத்தையோ கணிக்க அதில் இடமில்லை. மற்றொரு வகை இது: தொடர்பு மிக வலுவாக இருப்பது வறுமையின் அடிப்படியில் என்றால், அங்கே சிறிதளவு உதவியும் பெரும்பயன் தரக்கூடுமா என்று கேட்பது. காலையுணவு, நூல்கள், அமைதியான படிக்கும் இடம், ஓய்ந்து பேசப் பெற்றோர்க்கு நேரம் ஆகியவை அந்த வினாவின் உள்ளே அடங்கும்.

தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு ‘மந்தம்’ என்ற பட்டம் சூட்டுவது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. முன்னர் அது வாய்மொழியாக வந்தது. நாளை அதுவே வண்ணப்படமாகவும் எண்ணாகவும் வரக்கூடும். எண்ணுக்கு அஞ்சி வாய்மூடுவோர் பலர். அந்த எண் எவ்வாறு பிறந்தது, எந்த வெட்டுத்தளம், எந்த அளவுகோல், எத்தனை பேர் எனக் கேட்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால், அவ்வகுப்பறையில் தர்ஸ்டனின் கருவி மீண்டும் நுழையாது.

இறுதியாக, மொழியைப் பற்றி ஒரு சொல். மூளைப் பள்ளத்துக்கு மேலைநாட்டார் வழங்கும் இலத்தீன் பெயருக்கு உழுத சால் என்பது பொருள். புறணிக்கு அவர்கள் இட்ட பெயர் மரப்பட்டையைக் குறிப்பது; தமிழில் ‘புறணி’ என்பதும் பட்டையையே குறிக்கும். உழவும் மரமும் அறிந்த மொழிக்கு இத்துறை அயலன்று. சால், மேடு, புறணி, பிளவு, பாலம் என்ற சொற்களைக் கொண்டே ஒரு மாணவனுக்கு இந்த வரலாறு முழுவதையும் சொல்லிவிடலாம். சொன்னபின் அவனைத் தேயிலைச் சரிவின் ஓரத்தில் நிறுத்தி, எதிர்ச்சரிவு எவ்வளவு தொலைவு என்று கேட்க வேண்டும். கண்ணால் அளந்து விடை சொல்லாமல், நடந்துபார்த்துச் சொல்கிறேன் என்று அவன் கூறினால், அவன் இப்பாடத்தைக் கற்றுவிட்டான்.